மடியில் இருந்த ஐஸ் பெட்டி

2009 ஜூன் 16, செவ்வாய். வழக்கம்போல் காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் உள்ள அலுவலகத்துக்குக் கிளம்பினேன். பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. ஒட்ட வெட்டிய முடியும் பழுப்பு பூட்ஸும் அவர் போலீஸ் என்று காட்டின. சட்டை மட்டும் சாதாரணச் சட்டை.

"மீன் பொட்டிய பின்னால வைய்யா, நாறப்போவுது" என்றார் கண்டக்டர்.

"மீனு இல்ல மச்சான்."

"பின்ன, நண்டா?"

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார்; பெட்டியை மட்டும் விடவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதன் அரக்கு முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். உள்ளே என்ன என்று கேட்டேன்.

"ஒரு அம்மாவோட ரத்தம் சார். சென்னை லேபுக்குப் போவுது. முந்திரித் தோப்புல எலும்பு கெடச்சுது. காணாமப்போன அவுங்க மவனோடதானான்னு டிஎன்ஏ பாக்கணும்."

"ஒத்துப்போயிடுமா?"

"ஒத்துப்போனாதான் நாங்க புடிச்சு வச்சிருக்கிற ஆளு மேல கேஸு நிக்கும். ஒத்துப்போவக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் அந்தம்மா கைய நீட்டுனாங்க. நான் என்னான்னு வேண்டிக்கிறது, சொல்லுங்க?"

முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் அவர் சொல்லியிருந்தார். ஆனாலும் மறுநாள் காலை, காபிக்கும் முன்னால், நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் பிரித்துத் தேடினேன்.