ஊட்டாத குடுவை

செல் வளர்க்கும் அறையில் அவரை எல்லோரும் ‘சமையல் அக்கா’ என்போம். பதினேழு வருடமாக அவர் வேலை ஒன்றுதான்: குடுவையிலுள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றுவது. புதுத் திரவம் சிவப்பு. செல்கள் அதைத் தின்று பெருகப் பெருக மஞ்சளாகும். ஒரு குடுவைக்கு உரியதை இன்னொன்றுக்கு அவர் ஊற்றியதே இல்லை.

போன மாதம் அவருடைய தம்பியின் மூளையிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டு எங்களிடம் வந்தது. மேலே ஒரு எண்ணும் தேதியும் மட்டும்தான். ஆனால் அறுவை நடந்த தேதி அக்காவுக்குத் தெரியாதா? தம்பியைத் தவிர என்னிடம் மட்டும் சொன்னார்.

செல்லின் மேல் வந்து ஒட்டிக்கொண்டு, ‘வளர்’ என்று சொல்லும் மூலக்கூறு ஒன்று உண்டு. தம்பிக்குக் கொடுக்க நினைத்த மருந்து, அதை வழியிலேயே பிடித்துவிடும். மருந்து பலிக்குமா என்று முன்கூட்டியே அறிய, ஒரு குடுவைக்கு அந்த மூலக்கூறு கலந்த திரவத்தை அக்கா ஊற்றினார். மற்றதற்கு வெறும் திரவம். வெறும் திரவம் ஊற்றிய குடுவையில் செல்கள் பெருகாமல் சிவப்பாகவே இருந்தால் தம்பிக்கு வழி இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டுமே மஞ்சள்.

“நான்தான் ரெண்டுலயும் அதையே ஊத்திட்டேன் போல,” என்றார் அக்கா. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

“நீங்களா? தூக்கத்துல ஊத்துனாக்கூட மாறாதே,” என்றேன்.

“உடம்பொறந்தவன் விஷயம்ப்பா. கை தடுமாறியிருக்கும். இந்தத் தடவை நீ ஊத்து. நான் கிட்டவே வரல.”

ஊற்றினேன். ஒட்டியிருந்த சீட்டுகளை மூன்று முறை படித்தேன். அக்கா கதவருகிலேயே நின்றார். அதன்பிறகு தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து, குடுவைகள் இருந்த வெப்பப் பெட்டியைத் திறந்து மூடிவிட்டுப் போனார்.

மறுபடியும் ஐந்தாம் நாள். மறுபடியும் மஞ்சள்.

எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடம் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தார். “வெளியிலேருந்து யாரும் சொல்ல வேண்டியதே இல்ல இதுங்களுக்கு. ‘வளர், வளர்’னு தனக்குத்தானே சொல்லிக்குது. வழியில பிடிக்க எதுவுமே இல்லையே, மருந்து எதைப் பிடிக்கும்?” பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “உங்க கை தப்பாதுன்னு எனக்குத் தெரியுமே.”

அவர் பாராட்டத்தான் சொன்னார். யாருடைய கட்டி என்று அவருக்குத் தெரியாது.

மதியம் அக்காவின் போன் அடித்தது. தம்பியின் குரல் எனக்கும் கேட்டது.

“என்னக்கா, என் ஆளுங்களைப் பட்டினி போட்டியா?”

“போட்டேன்டா.”

“சுருண்டு கிடக்குதுங்களா?”

“சாயங்காலம் வீட்டுக்கு வரேன். சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடு,” என்று அக்கா போனை வைத்தார்.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டார். மேலும் சில சோதனைகளுக்கு அந்தச் செல்கள் உயிரோடு இருக்க வேண்டுமாம். மஞ்சளை உறிஞ்சிவிட்டுச் சிவப்பை ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.