கருந்துளைக்குச் சத்தமில்லை

எஃப்.எம். றேடியோவில அறிவியல் சொல்லிப் பிழைக்கிறது, பேலியகொடை மீன் சந்தைக்குள்ள நிண்டு இரகசியம் சொல்லுற மாதிரி. இந்த வேலையில மாட்டுப்பட்ட சகபாடிகளே, உங்களுக்குத்தான் என்ர வயித்தெரிச்சல் விளங்கும்.

டிங்

பாரமான இரண்டு கருந்துளைகள் ஒண்டாகினால், கண் மூடித் திறக்க முன்னம் மூண்டு சூரியன் அளவு பொருள் சக்தியாகிப் போகும். ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சுச் சிதறினாலும் அதில பத்திலொண்டு தேறுறது கஷ்டம். ஆனால் கருந்துளையில வெளிச்சம் வராது. அந்தச் சக்தி அண்டவெளியையே உலுக்கிக்கொண்டு ஈர்ப்பலையாய்ப் போயிடும். இதைத்தான் தெளிவா எழுதிக் குடுத்தனான்.

தயாரிப்பாளர் சிவா நட்சத்திரத்துக்குச் சினிமாக் குண்டுச் சத்தம் போட்டான். கருந்துளைக்கு ஒரு "டிங்". ஏனடா எண்டு கேட்டன்.

"அண்ணை, வெளிச்சமே இல்லையெண்டு நீங்கள்தானே எழுதினீங்கள். பிறகென்ன பெரிய சத்தம்?"

கூறைக் கடை

எங்கட நிகழ்ச்சிக்கு இருந்தது ஒரேயொரு விளம்பரம், வெள்ளவத்தைப் புடவைக் கடை. அது போனால் நிகழ்ச்சியும் போச்சு. முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். நட்சத்திரம் வெடிச்சது அவருக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுதாம், தீபாவளிக்கும் பொருத்தமாம். கருந்துளைகள் சேருறது அதைவிட எத்தினையோ மடங்கு பெரிசு எண்டு தொண்டை வறள விளங்கப்படுத்தினன்.

"பெரிசா இருக்கட்டும் தம்பி. கறுப்பெண்டும் துளையெண்டும் என்ர கடைப் பேரோட சேர்த்துச் சொன்னால், ஆர் கலியாணக் கூறை எடுக்க வருவினம்?"

மௌனம்

கருந்துளையை நான் விட்டுக்குடுக்கேல்ல, விளம்பரம் போச்சு. இன்னும் ஒரு கிழமை பாப்பம் எண்டார் நிலைய மனேஜர். எனக்கு விசர் வந்திட்டுது. கருந்துளைகள் சேருற கட்டத்தில "டிங்"கும் வேண்டாம், கொஞ்ச நேரம் முழு மௌனம் விடு எண்டு சிவாவோட சண்டை பிடிச்சு வாங்கினன்.

நிலையத்தில ஒரு மெசின் இருக்கு. சத்தம் நிண்டால், ஒலிபரப்பு செத்துப்போச்செண்டு நினைச்சுத் தானாகவே பாட்டைப் போட்டிடும். அதை எனக்கு ஒரு குருவியும் சொல்லேல்ல. மூண்டு சூரியன் கரைஞ்சு போற நேரத்தில, கொழும்பு முழுக்கக் கேட்டது, கலியாண வீடுகளில ஆட்டம் போடுற பைலாப் பாட்டு.

அடுத்த நாள் மனேஜர் நிகழ்ச்சியை நிப்பாட்டினார். அவர் ஆறுதலாத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சொன்னார்:

"கவலைப்படாதையும், உமக்கு வானத்தைப் பற்றிச் சொல்லத்தானே விருப்பம், வாற கிழமையில இருந்து அதே நேரத்தில ராசிபலன் சொல்லும்."

ஆகவே, மூண்டு சூரியனைச் சத்தமில்லாமல் கரைச்ச கருந்துளைக்கு இந்த ஊர் றேடியோவில இடமில்லை, கன்னி ராசிக்கு இண்டைக்கு வெள்ளை நிறம் எண்டு கத்துற எனக்கு இருக்கு.