துவைகல்லில் போட்ட கைக்குட்டை

போடி பஜாரில் அப்பா ஞானசிகாமணியின் இரும்புக்கடைக்கு மேல்மாடிதான் ஜெபஷீலாவின் வீடு. கீழே கம்பி இறக்கும் லாரி வந்து நின்றால் மேலே டம்ளரில் இருக்கிற காபி ஆடும். அப்பா போனில் பேசினால் எதிர்முனைக்காரர் போன் இல்லாமலே கேட்டுக்கொள்ளலாம். அம்மா சுகிர்தம் சாயங்காலமானால் பஜார் பிள்ளைகளைக் கூட்டிவைத்து டியூஷன் எடுப்பாள். வாய்ப்பாட்டுச் சத்தம் சோற்று நேரம் வரைக்கும் ஓயாது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு அமைதி என்பது தின்பண்டம் மாதிரி. எங்கே கிடைத்தாலும் எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வாள்.

ஒளித்து வைக்கிற குணம் அவளுக்கு எல்லாவற்றிலும் உண்டு. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் கேக்கில் அண்ணன் ஜோஷ்வாவின் துண்டு தன் துண்டைவிடப் பெரிதா என்று ஸ்கேல் வைத்து அளந்தவள். பள்ளிக்கூடத்தில் பேனாவை இரவல் கொடுப்பாள். வாங்கியவள் அதில் தன்னைவிட அழகாக எழுதிவிட்டால் இவளுக்கு முகம் சுருங்கிவிடும். கெட்ட பிள்ளை என்று சொல்ல முடியாது. பிடித்தவர்களுக்கு எதையும் தூக்கிக் கொடுப்பாள். கொடுத்ததை மூன்றாவது ஆள் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

அவள் பி.காம். படிக்கிற கல்லூரி போடிக்கும் தேனிக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே அமைதியைத் தேடுவது சந்தைக்குள் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிற மாதிரி. புதுக் கட்டடத்துக்குக் கலவை மிஷின் ஒரு பக்கம் உருளும். மைதானத்தில் என்.சி.சி. விசில். கல்ச்சுரல்ஸ் வந்துவிட்டால் ஆடிட்டோரியத்தில் ஒரே பாட்டின் முதல் இரண்டு வரியை மத்தியானம் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் ஜெபஷீலா முதல் வருஷமே தனக்கென்று இடங்களைக் கண்டுபிடித்துவிட்டாள். நூலகத்தில் பழைய பத்திரிகைகளைக் கட்டிவைத்த கடைசி வரிசை, ஜன்னலுக்கு வெளியே கொன்றை பூத்துக் கிடக்கும். தாவரவியல் துறையின் பச்சை வலைக் கூடாரம், தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டதும் ஈரமண் வாசம் நெஞ்சுக்குள் இறங்கும். அடுத்தது இயற்பியல் லேப் மாடிப்படித் திருப்பம். மழைநாளில் போடி மலை மேகத்தை இழுத்துப் போர்த்துவதை அங்கிருந்து பார்க்கலாம்.

ஆனால் எல்லாவற்றிலும் உசத்தி துவைகல்தான். கல்லூரி வருவதற்கு முன்னால் அந்த நிலம் தோப்பாக இருந்தது. தோப்புக்காரர்களின் மோட்டார் ரூம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது; அதற்குப் பின்னால், நாவல்மரத்தடியில், துணி துவைக்கப் போட்ட நீளக்கல் அப்படியே இருக்கிறது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. மதில் தாண்டினால் தென்னந்தோப்பு, அதற்கு மேல் மலை. கலவை மிஷின் சத்தம் அங்கே வருவதற்குள் களைத்துப்போய்விடும். அந்தக் கல்லில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று ஜெபஷீலாவுக்குக் காரணமில்லாமல் கண் கலங்கியது. இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்போதே தீர்மானித்தாள்.

ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். அவள் தேவாரம் ஊரிலிருந்து வருகிற ஜோதிகா, தாவரவியல் படிப்பவள். வீட்டில் வாழையும் தென்னையும் விவசாயம். இருவரும் பழகியது பஸ்ஸில். இந்தப் பக்கத்துப் பஸ்களில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சீட்டில் ஒரு துண்டோ கைக்குட்டையோ கிடந்தால் அந்த இடம் வருகிறவருக்குச் சொந்தம். ஆள் ஏறாவிட்டாலும், பஸ் பிதுங்கி வழிந்தாலும், துண்டைத் தள்ளிவிட்டு உட்கார யாருக்கும் கை வராது. முறைப்பார்கள், முணுமுணுப்பார்கள், ஆனால் நிற்பார்கள். முதல் வருஷம் ஒருநாள் போடியில் ஏறி, நெரிசலில் மூச்சுமுட்ட நின்ற ஜெபஷீலாவைப் பார்த்து, முன்பின் தெரியாத ஜோதிகா உடம்பை ஒடுக்கி இடம் கொடுத்தாள். மறுநாளிலிருந்து தேவாரத்தில் ஏறும்போதே இரண்டு பேர் சீட்டைப் பிடித்து, ஜன்னலோரத்தில் துப்பட்டாவைப் போட்டு வைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோரம் ஜெபஷீலாவுக்கு. அதற்குக் கைம்மாறாகத்தான் இவள் துவைகல்லைக் கொடுத்தாள். அவளிடம் அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. மூன்றாம் வருஷம் சுபாஸ்ரீ வந்து சேர்ந்தாள். ஜோதிகாவின் வகுப்புதான், விடுதியில் இருந்தவள், சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ராசிங்காபுரத்து வீட்டிலிருந்தே வர ஆரம்பித்தாள். ராசிங்காபுரம் போடிக்கு முந்திய ஊர். ஜெபஷீலா ஏறுவதற்குள் அவள் ஏறி, உட்கார்ந்து, ஜோதிகாவோடு பாதிக் கதையைப் பேசி முடித்திருப்பாள். அவளுக்காக ஜோதிகா இரண்டு பேர் சீட்டை விட்டுவிட்டு மூன்று பேர் சீட்டுக்கு மாறினாள். வேறு யாராவது பார்த்தால் நல்ல ஏற்பாடு என்பார்கள். ஜெபஷீலாவுக்கோ சொந்த வீட்டில் சுவரை இடித்துப் பெரிதாக்கி வாடகைக்கு ஆள் வைத்த மாதிரி இருந்தது. தன் ஜன்னலோரம் தனக்கே இருந்தது என்பதுகூட அவள் புத்தியில் ஏறவில்லை. சுபாஸ்ரீ கொலுசு போட்டிருந்தாள், அசைந்தால் சலங்கைச் சத்தம். மனசுக்குள் அவளுக்குக் 'கொலுசு' என்று பெயர் வைத்தாள்; நிஜப் பெயரை வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் வரவேண்டிய மேடம் வராததால் வகுப்பு சீக்கிரம் விட்டது. ஜெபஷீலா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு துவைகல்லுக்குப் போனாள். மோட்டார் ரூமைத் திரும்புவதற்கு முன்னாலேயே கொலுசுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், கல்லில் இரண்டு பேரும் காலை ஆட்டிக்கொண்டு நாவற்பழம் தின்கிறார்கள். ஜோதிகா எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தன்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததாக ஜெபஷீலாவுக்கு ஞாபகம் இல்லை. வயிறு எரிந்தது. அது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை, தொப்புளுக்கு மேலே நிஜமாகவே காந்தியது. யாரிடமும் சொல்லாத இடத்தை ஒருத்தியிடம் சொன்னால், அவள் அதை மூன்றாவது ஆளுக்குக் காட்டுகிறாள். வந்த வழியே திரும்பிப்போய் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, ருசி தெரியாமல் தின்றாள்.

சண்டை போட்டிருக்கலாம். இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கும். ஆனால் ஜெபஷீலா சண்டை போடுகிற ரகம் இல்லை, புகைகிற ரகம். மத்தியானத்தில் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலி கிளாஸ் சேர்ந்திருக்கிறேன், சாப்பிட வர முடியாது என்று ஜோதிகாவிடம் ஒரு பொய் சொன்னாள். காலையிலும் வேலை இருக்கும், முந்தின பஸ்ஸிலேயே சில நாள் போய்விடுவேன் என்று இன்னொரு பொய். பிறகு தினமும் முந்தின பஸ்ஸில் போய் இறங்கி, யாரும் வருவதற்குள் துவைகல்லுக்கு நடந்து, தன் மஞ்சள் பூப்போட்ட கைக்குட்டையைக் கல்லின் நட்டநடுவில் விரித்தாள். ஓரத்தில் போட்டால் ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். நடுவில் போட்டால் கல் முழுக்கத் தனக்கு. அங்கே போய் உட்காரவும் மாட்டாள், மற்றவர்களை உட்காரவும் விடமாட்டாள். கைக்குட்டையை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனசு வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் வகுப்பில் தயிர்சாதத்தைப் பிசையும்போது, அந்த இரண்டு பேரும் கைக்குட்டையைப் பார்த்து ஏமாந்து, கேன்டீன் இரைச்சலில் இடமில்லாமல் அலைவதை நினைத்துக்கொள்வாள். சோறு இனிக்கும்.

சாயங்காலம் கைக்குட்டையை எடுக்கப் போனால் அது போட்டபடி இருப்பதில்லை. மடித்து, மேலே ஒரு சின்னக் கல் வைத்திருக்கும். தொட்டுவிட்டார்கள் என்று ஆத்திரப்படுவாள். ஒருநாள் அதன்மேல் ஒரு கை நாவற்பழம் இருந்தது. தின்று தீராததை என் கைக்குட்டையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், தட்டு என்று நினைத்தார்களா என்று பழத்தை அள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். துணியில் ஏறிய கறை போகவில்லை. வீட்டில் சுகிர்தம் அதைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, எங்கே போய் என்னத்தைத் தின்கிறாய் என்று கேட்டாள். ஒன்றும் தின்னவில்லை என்றாள் மகள். அது மட்டும் உண்மை.

ஆடி பிறந்து காற்று வலுத்தது. கல்லூரி முழுக்கப் புழுதி. தலைமுடியில் மண், சோற்றில் மண். இந்தக் காற்றில் கைக்குட்டை நிற்குமா, பறந்துபோய் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்களா என்று ஜெபஷீலாவுக்கு வகுப்பில் இருப்புக்கொள்ளவில்லை. அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. அவர்கள் முகம் வாடுவதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். மத்தியான பெல் அடித்ததும் கிளம்பி, சத்தமில்லாமல் மோட்டார் ரூம் சுவரோடு ஒட்டி நின்றாள்.

இரண்டு பேரும் கேன்டீனுக்குப் போகவில்லை. கல்லுக்குக் கீழே, சருகுமேல் பேப்பர் விரித்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல் காலியாக இருந்தது. நடுவில் அவளுடைய கைக்குட்டை. பறக்காமல் இருக்க ஜோதிகாவின் தண்ணீர் பாட்டில் அதன்மேல் நின்றது. சுபாஸ்ரீ காலைச் சொறிந்துகொண்டு, எறும்பு பிடுங்குகிறது, அவள் வருகிற வரைக்கும் நான் கொஞ்சம் மேலே உட்கார்ந்துகொள்கிறேனே என்று எழுந்தாள்.

"அது ஜெபாவுக்குப் போட்ட எடம். அங்கன உக்காராத" என்றாள் ஜோதிகா.

ஜெபஷீலாவுக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

சுபாஸ்ரீ விடவில்லை. அவள்தான் ஒருநாளும் வருவதில்லையே என்று கேட்டாள்.

"வருவாடி. டேலி கிளாஸ் விட்டதும் ஓடியாரணும்னுதான் காலையிலேயே போட்டு வச்சிட்டுப் போறா. வராதவ எதுக்குத் துண்டு போடப் போறா?" ஜோதிகா ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "பஸ்ஸுலயும் போடி வரைக்கும் எடம் போட்டுத்தான் வாரேன். ஆளு ஏறலைன்னா கண்டக்டர் ஏசுறாக. ஏசிட்டுப் போறாக."

சுவரோடு ஒட்டி நின்ற ஜெபஷீலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருஷமாக ஜன்னலோரத்தில் கிடந்த துப்பட்டா என்ன சொன்னதோ, அதையேதான் இந்தக் கைக்குட்டையும் சொல்கிறது என்று ஜோதிகா நம்பிவிட்டாள். வேறு எப்படி நினைப்பாள்? துண்டு போடுகிறவர்கள் வருவார்கள். உட்கார வராமல், அடுத்தவர் உட்காரக்கூடாது என்பதற்காகவே துண்டு போட்டவள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஞானசிகாமணி மகள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாவற்பழமும் அவளுக்காக வைத்ததுதான். அதை அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். வெட்கத்தில் காது சுட்டது. இப்படியே திரும்பிப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் போனால், நாளைக்கும் ஜோதிகா தரையில்தான் உட்காருவாள்.

சுவரைச் சுற்றி வெளியே வந்தாள்.

ஜோதிகா நிமிர்ந்து பார்த்தாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. டேலி கிளாஸ் முடிந்துவிட்டதா என்றுதான் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு" என்றாள் ஜெபஷீலா. "இனிமே இல்ல."

ஜோதிகா கையை உதறிக்கொண்டு எழுந்து, பாட்டிலை எடுத்துவிட்டு, கைக்குட்டையைத் தூசி தட்டி அவளிடம் நீட்டினாள். ஜெபஷீலா அதை வாங்கிப் பைக்குள் திணித்தாள். கல்லில் உட்கார்ந்தாள். நடுவில் உட்கார்ந்துவிட்டதைக் கவனித்து ஓரத்துக்கு நகர்ந்தாள். இன்னொருத்திக்கு இடம் வந்தது. அதில் ஜோதிகா வந்து உட்காரவேண்டும் என்று அவளுக்கு அப்போதும் கொள்ளை ஆசை. கீழே சுபாஸ்ரீ கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். கொலுசுக்கு மேலே எறும்பு கடித்த இடம் தடித்துச் சிவந்திருந்தது.

"சுபாஸ்ரீ, நீ மேல வா" என்றாள். கசப்பு மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குவதுபோல இருந்தது, ஆனால் விழுங்கிவிட்டாள்.

சுபாஸ்ரீ கொலுசு சத்தம்போட ஏறி உட்கார்ந்து, தன் டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தினாள். எலுமிச்சைச் சாதம். நன்றாக இருந்ததும் ஜெபஷீலாவுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஜோதிகா தரையிலேயே உட்கார்ந்து, இருவர் கால்களுக்கும் நடுவில் கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். யார் பக்கம் கூடுதலாகச் சாய்கிறாள் என்று ஜெபஷீலா மேலே இருந்து பார்த்தாள். தன் பக்கம்தான் என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த வாய் சோற்றை எடுத்தாள்.