சிவகாசி நாள்காட்டியின் சூரியன்

நான் நம்பாத ஒன்றைச் சொல்லி, ஒரு பள்ளிக்கூடத்தின் விழாவைக் கெடுத்தேன். படித்தவன், முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் பாடம் எடுத்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மகள் வீட்டோடு மலேசியாவின் கிள்ளானுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை பழகாதது இங்கத்துக் காலை. ஊரில் ஆறரை மணிக்கு வெயில் சுவரேறிவிடும். இங்கே அந்த நேரத்தில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் சீருடையோடு இருட்டில் வேனுக்குக் காத்து நிற்பார்கள். வந்த புதிதில் அதைப் பார்த்தாலே எனக்குள் கேள்விகள் கிளம்பும். ஓட்டுநர் ஒரு பிள்ளையை மறந்துவிட்டால்? இருட்டில் லோரி வந்தால்? எதையும் அதன் கெட்ட முடிவிலிருந்து எண்ணத் தொடங்கும் புத்தி எனக்கு. அதை முன்யோசனை என்று நானே பெயர் சூட்டி, ஆயுள் முழுக்கப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

என் பேத்தி படிப்பது சிறிய தமிழ்ப்பள்ளி. தொலைவில் உள்ள அடுக்குமாடி வீடுகளிலிருந்து பதினான்கு பிள்ளைகள் ஒரு பழைய வேனில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த வேன் ஒருநாள் அடியோடு படுத்துவிட்டது. வேறு வேன் அமர்த்தப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி கமலவேணி கேன்டீன் டே நடத்தலாம் என்றார். குடும்பத்துக்கு ஒரு கடை, வீட்டுச் சமையல், கூப்பன் விற்பனை, அதிர்ஷ்டக் குலுக்கல். இங்கே பள்ளிகளில் இது வழக்கம். கமலவேணி காலையில் சாலையோரம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவர். நாற்பது வயதிருக்கும்.

கூட்டத்தில் நான்தான் முதலில் கேட்டேன். "மழை வந்தா என்னம்மா பண்றது?"

"கூடாரம் போடுவோம் சார்."

"ஜனமே வரலன்னா?"

"நாமளே சாப்பிட்டுக்குவோம் லா! மொதல்ல வரும்னு நெனைங்க சார். வராததப் பத்தி அப்புறம் பேசலாம்." எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பில்லாத பேச்சு என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கு அவர் தந்த வேலை, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பத்தொன்பது கடைகளுக்குப் போய்க் குலுக்கலுக்குப் பரிசுப் பொருள் கேட்டு வாங்குவது. "நீங்க காலேஜ்ல ஆயிரம் பேர மேய்ச்சவரு. ஒங்க மொகத்துக்கே குடுப்பாங்க."

முதல் கடை ஒரு சேலைக் கடை. வாடிக்கையாளர்கள் போகட்டும் என்று துணிப்பையோடு ஓரமாக நின்றேன். கேட்டுப் பழக்கமில்லாத வாய். "தம்பி, ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்" என்று தொடங்கினேன். கடைக்காரர் என்னை முடிக்க விடவில்லை. "சாப்டீங்களா அங்கிள்?" என்றவர், கையில் ஐந்து ரிங்கிட் தாளை, இங்கத்துப் பேச்சில் ஐந்து வெள்ளியை, வைத்து அழுத்தினார். "பக்கத்துக் கடைல ரொட்டி சானாய் நல்லாருக்கும். போய்ச் சாப்பிடுங்க." அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தாளைப் பிடித்தபடியே வெளியே வந்தேன். மற்ற பதினெட்டுக் கடைகளின் படியை நான் மிதிக்கவே இல்லை.

"எப்படி சார் போகுது?" என்று கமலவேணி ஒவ்வொரு முறை கேட்கும்போதும், "போகுதும்மா" என்றேன். நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. பையில் ஒரு பரிசுகூட இல்லாமல் அன்று எப்படிப் போய் நிற்பது? விழா தள்ளிப்போனால் போதும் என்றிருந்தது. என் தம்பி ஆண்டுதோறும் மதுரையிலிருந்து அனுப்பும் சிவகாசி நாள்காட்டியைப் புரட்டினேன். விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "சனிக்கிழமை அஷ்டமி. அடுப்பு மூட்டும் ஒன்பது மணி ராகு காலம். பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யவும்." என் மகள் கல்யாணத்தைக்கூட நேரம் பார்க்காமல் நடத்தியவன் நான்.

விழா தள்ளிப்போகவில்லை, குடும்பங்கள்தாம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மாமியார் வேண்டாம் என்கிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, இப்படி. இருபத்திரண்டு கடைகளில் ஏழுதான் வந்தன. கடையில்லாத குடும்பங்கள் தம் சொந்தங்களையும் அழைத்து வரவில்லை. திடலில் காலி மேசைகள் வரிசையாகக் கிடந்தன. கமலவேணி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க! கூட்டம் இல்ல, கியூ இல்ல, எல்லாம் சூடா இருக்கு!" என்று மதியம்வரை சிரித்துக்கொண்டே கூவினார். பரிசுகள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. குலுக்க வேண்டிய அளவுக்கு ஆளே இல்லை. நான் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உண்ண முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சேர்ந்த பணம் வேனுக்குப் போதவில்லை. சில பிள்ளைகளை அப்பன்மார் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்கள். நான்கு பிள்ளைகள், நடந்தே போகும் தூரத்திலிருந்த மலாய்ப் பள்ளிக்கு மாறினார்கள். அவர்களில் ஒருத்தி தர்ஷினி, என் பேத்தியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அவள் அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. கொண்டுவந்து விட ஆளில்லை.

மறு ஆண்டு கேன்டீன் டே பற்றிப் பேசக் கூடியபோது, எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வெள்ளியையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், "படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்றபடி எழுந்து போனார். கமலவேணி குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒங்க காலண்டரு சிவகாசி சூரியனுக்குல்ல போட்டது?" என்றார் பிறகு. "இங்க சூரியன் ஏழு மணிக்கு மேலதான் எந்திரிக்குது. இங்கத்து ராகு காலமே வேற, பத்து மணிக்கு மேலதான். கோயில் காலண்டர்ல இருக்கு. அன்னிக்கே குரூப்புல போடலாம்னு பாத்தேன். பெரியவர அசிங்கப்படுத்த வேணாம்னு விட்டுட்டேன். போட்டிருக்கணும்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு பழைய பட்டியலையே என்னிடம் நீட்டினார். "பத்தொம்போது கடை. இந்த வாட்டியும் சனிக்கெழமதான், அஷ்டமிதான். திடல் அன்னிக்குத்தான் கெடைக்குது. போவீங்களா சார்?"

போனேன். சேலைக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு மறுபடியும் சட்டைப்பையில் கைவிட்டார். "காசு வேணாம் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு சேலை குடுங்க" என்றேன். "அடடா, அன்னிக்கே சொல்லக்கூடாதா அங்கிள்!" என்று மூன்று சேலை எடுத்து வைத்தார். பன்னிரண்டு கடைகள் தந்தன, ஏழு தரவில்லை. தராத கடைகளில் நான் செத்துவிடவும் இல்லை. விழா ஒன்பது மணிக்கே தொடங்கியது. பத்தரைக்கு நான் பயந்தபடியே மழையும் வந்தது. ஜனம் கூடாரத்துக்குள் நெருக்கியடித்து நின்று சாப்பிட்டது.

இப்போது வேன் ஓடுகிறது. பிள்ளைகளை எண்ணி ஏற்றி இறக்க நானும் அதில் போகிறேன். தர்ஷினியின் அம்மாவைப் பார்த்து, இடம் இருக்கிறது, அனுப்புங்கள் என்று கேட்டேன். "அவ அங்க பழகிட்டா சார். தமிழ் எழுத்துகூடக் கொஞ்சம் மறந்துட்டா. மறுபடியும் புடுங்கி நட முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவர்கள் கட்டடத்தின் கீழே வேன் நிற்கும்போது மணி ஆறே முக்கால். தர்ஷினி அதே நீலச் சீருடையில், வேறு பள்ளிச் சின்னத்தோடு, விளக்குக் கம்பத்தடியில் தோழிகளுக்காகக் காத்திருப்பாள். வேனுக்குள் என் பேத்தியைப் பார்த்துக் கையசைப்பாள். வழக்கம்போல எண்ணுகிறேன், தர்ஷினியையும் சேர்த்து ஒன்று கூடுதலாக வருகிறது, திருத்திக்கொள்கிறேன். என் நாள்காட்டி அச்சான ஊரில் இப்போது நாலேகால். இரண்டு இடத்திலும் இன்னும் விடியவில்லை.