எண்பது லிட்டர்

கம்பெனியில் அவனுக்கு விழுந்த பெயர் டிகிரி. சேர்ந்த முதல் நாள், லாரிகள் நிற்கும் யார்டில் ஒரு பழைய டிரைவர் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். வேதியியல் என்றான். "அப்ப டீசலை மோந்து பாத்தே எந்த பங்க்ல அடிச்சதுன்னு சொல்லிடுவ" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றோடு வீட்டில் வைத்த பெயர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

பட்டம் வாங்கிய பிறகு அரசு வேலைக்கான தேர்வுகளை எழுதி எழுதிச் சலித்துத்தான் லாரிக்கு வந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் தலைக்கு மேல் யாரும் இல்லை என்று நம்பியிருந்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, ஸ்டியரிங் மட்டும்தான் அவன் கையில் இருக்கிறது. எந்த வழியாகப் போவது, எங்கே நிற்பது, எந்த பங்கில் எத்தனை லிட்டர் போடுவது எல்லாம் வண்டி கிளம்பும் முன்பே போனுக்கு வந்துவிடும். அதைப் பிளான் என்றார்கள். அனுப்புகிறவர் தலைமை ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலை மட்டும் எல்லோருக்கும் தெரியும். டிரைவர்கள் அவரை லிட்டர் அக்கா என்றார்கள். வழியில் ஒதுங்குவதற்கும் அக்காவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேலி பேசுவார்கள். பேசிவிட்டு, சொன்ன இடத்தில் சொன்ன அளவைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

டிகிரியால் அப்படிப் போக முடியவில்லை. அகலமான பங்க் ஒன்று சாலையோரத்திலேயே இருக்கும். பிளான் அதைத் தாண்டிப் போய் ஒரு சந்துக்குள் இருக்கும் பங்கைக் காட்டும். டேங்க் முக்கால்வாசி காலியாக இருக்கும். பிளான் நூறு லிட்டர் போதும் என்னும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. ஏன் என்று கேட்காமல் இருக்கத்தான் இத்தனை வருடம் படித்தோமா என்று அவனுக்குப் பொருமும். அடுத்த நிமிடமே, படிக்காமல் இருந்திருந்தால் இந்த வேலையை முறைத்துக்கொள்ளாமல் செய்திருப்போமோ என்றும் தோன்றும். இரண்டில் எது சரி என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

புதியவர்களுக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அதைத் தாண்டிவிட்டால் சொந்தமாக ஒரு வண்டியை ஒதுக்கித் தருவார்கள். அதுவரை இன்றைக்கு ஒரு லாரி, நாளைக்கு ஒரு லாரி, யாரோ புரண்ட மெத்தை, யாரோ விட்டுப்போன பீடி நாற்றம். வண்டி தாமதமானால் சிவப்புக் குறி. மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஐந்தாம் மாதத்தில் அவனுக்கு இரண்டு விழுந்திருந்தன. பிளான் சொன்ன பங்கின் வாசலில் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றதால் நுழைய முடியாமல் வெகுதூரம் போய்த் திரும்பி வந்ததற்கு ஒன்று. பிளான் சொன்ன இடத்தில் நிறுத்த இடமில்லாமல் சுற்றிச்சுற்றி வந்ததற்கு இன்னொன்று. இரண்டுக்கும் தான் பொறுப்பில்லை என்று அவன் நினைத்தான். அதை எழுதிப் போடத்தான் இடமில்லை.

இதோடு அவனுக்கு முள்பயம் ஒன்று உண்டு. டீசல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் வழியில் வரும் பங்க்குகளை எண்ண ஆரம்பித்துவிடுவான். அவன் அப்பா மூட்டை தூக்குகிறவர். பழைய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். அன்றைய ஓட்டத்துக்கு மட்டுமே பெட்ரோல் போடுவார். முதல் பெரிய தேர்வன்று மகனைப் பின்னால் வைத்துக்கொண்டு போனவர் பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து உருட்ட ஆரம்பித்தார். மகன் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினான். கதவைச் சாத்தும் நேரத்தில் உள்ளே நுழைந்தவனுக்கு விடைத்தாளின் முதல் பக்கம் முழுக்க வியர்வை. அந்த ஸ்கூட்டர் இன்றும் அவனுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

அன்று காலை வந்த பிளான் எளிமையானது. காலி வண்டியோடு டைல்ஸ் ஆலைக்குப் போக வேண்டும். வழியில் ஒரு பங்கில் எண்பது லிட்டர் மட்டும். ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டு இறக்குமிடம் போய்ச் சேர வேண்டும். முள் கால்வாசியில் நின்றது. எண்பது போட்டாலும் பாதியைத் தொடாது. அளவு கூடினால் டீசல் போடக் கம்பெனி கொடுத்த கார்டு தடுக்காது என்பது அவனுக்குத் தெரியும். திட்டு விழும், அவ்வளவுதான். திட்டு சிவப்பில்லை. பங்க் ஊழியர் எவ்வளவு என்று கேட்டபோது வாய் முந்திக்கொண்டது. "ஃபுல் பண்ணுங்க."

முள் நிமிர்ந்ததும் மனசும் நிமிர்ந்தது. ஆலை வரைக்கும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஆலையில் மரத்தட்டில் அடுக்கிக் கட்டிய டைல்ஸைப் பேலட் பேலட்டாக ஏற்றி, கயிறு கட்டி, வெளியே போகும் எடைமேடையில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடி அறைக்குள் இருந்த எடைக்காரர் திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அனுமதித்த எடைக்கு மேல் நூற்று அறுபது கிலோ. கேட் பாஸ் கிடையாது.

டேங்க் ஃபுல்லா என்று எடைக்காரர் கேட்டதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. டீசலின் அடர்த்தி என்ன என்பது அவன் தேர்வில் எழுதிய விஷயம். கூடுதலாகப் போட்டது நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் லிட்டர். மனசுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தான். கணக்கு கிலோ பிசகாமல் பொருந்தியது. படித்தது முதன்முறையாகப் பயன்பட்டிருக்கிறது என்று அவனுக்குச் சிரிப்புகூட வரப் பார்த்தது.

டீசலை இறக்க வழியில்லை. நிற்கும் வண்டியில் டேங்க் அளவு குறைந்தால் ஆபீஸில் மணி அடிக்கும். திருட்டு என்று எழுதிவிடுவார்கள். ஓட்டித் தீர்க்கலாம் என்றால் பகல் முழுக்க ஓட்டினாலும் தீராது. பேலட்டைப் பிரிக்க ஆலை விடாது. இறக்கினால் ஒரு டன் பேலட்டை முழுசாக இறக்க வேண்டும். அதற்கு ஃபோர்க்லிஃப்ட் வர வேண்டும், ஃபோர்க்லிஃப்ட்காரர் சாப்பிட்டு வர வேண்டும். வண்டி தாமதமாகும். மூன்றாவது சிவப்பு.

கேபினில் இருந்ததை எல்லாம் இறக்கினான். தண்ணீர் கேன், அடுப்பு, மெத்தை, உபரிக் கயிறு, ஜாக்கி. படுக்கைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. தேர்வுப் புத்தகங்கள். ஓய்வில் படிக்கலாம் என்று வண்டிக்கு வண்டி தூக்கிக்கொண்டு அலைந்தான். சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அதையும் இறக்கினான். திரையில் அறுபது கிலோ குறைந்தது. எடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டிரைவரே, ஸ்டெப்னிய இறக்கிடுங்க, அதுவே சரியா நூறு கிலோ வரும். இங்கயே கெடக்கட்டும், அடுத்த நடை வந்து எடுத்துக்கங்க. பல பேரு பண்றதுதான்."

மாற்று டயரை அவிழ்த்துத் தரையில் சாய்த்தான். திரையில் எண் சரியாக வந்தது. எடைக்காரர் பாஸ் புத்தகத்தைத் திறந்தார். அப்போதுதான் டிகிரிக்கு அந்த டயர் தரையில் கிடந்த விதம் உறைத்தது. முள் பாதிக்குக் கீழே போனால் நடுங்குகிறவன், மாற்று டயர் இல்லாமல் முப்பது டன்னை இழுத்துக்கொண்டு போகப் போகிறான். நடுவழியில் நின்றுவிடுவோமோ என்ற பயத்தில் செய்த காரியத்தை மறைக்க, நடுவழியில் நிற்பதற்கே கிளம்புகிறான்.

பாஸ் எழுத வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு லிட்டர் அக்காவைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"ஏன் எண்பதுன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நான் ஏன்க்கா ஃபுல் அடிக்கப் போறேன்? லோடு கனம், அதான் எண்பதுன்னு சொல்ல என்ன கஷ்டம்?"

விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே லிட்டர் அக்கா பேசினார்.

"முன்னாடி போட்டுட்டுதான் இருந்தேன் தம்பி. காரணம் போட்டா டிரைவருங்க எதிர்க்கேள்வி கேக்கறாங்கன்னு மேல அந்தக் கட்டத்தையே எடுத்துட்டாங்க. நான் என்ன, ஆசைப்பட்டா மறைக்கிறேன்? ஸ்டெப்னிய மாட்டு. ஒரு பேலட்ட இறக்கு. சிவப்பு நான் போட்டுத்தான் ஆகணும், கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள அவனிடம் தெம்பு இல்லை. டயரை மாட்டினான். ஃபோர்க்லிஃப்ட்காரர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். புத்தகப் பெட்டியைத் திரும்ப ஏற்றும்போது அது முன்பைவிடக் கனத்தது. ஏன் இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்று தன்னையே கேட்டான். ஏற்றிக்கொண்டான்.

மூன்றாவது சிவப்பு விழுந்தது. ஆனால் வேலையை விட்டு அனுப்பிவிடவில்லை. டிரைவர் தானாகவே கூப்பிட்டுத் தவறைச் சொன்னதாக லிட்டர் அக்கா எழுதியிருந்தாராம். மேலாளர் அதைப் படித்துவிட்டு, சோதனைக் காலத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். மறுபடி ஆறு மாதம், மறுபடி யாரோ புரண்ட மெத்தை. வண்டி கிடைத்துவிட்டதா என்று அப்பா போனில் கேட்டார். கிடைத்துவிடும் என்றான். இதைச் சலுகை என்பதா தண்டனை என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த நடைக்கான பிளான் வந்தது. அறுபது லிட்டர். காரணக் கட்டம் இல்லை. முள் கால்வாசிக்கும் கீழே. பங்க் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய டிரைவர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த லிட்டர் அக்காவின் சொந்த எண்ணுக்கு ஒரே வார்த்தை அனுப்பினான்: ஏன்?

பின்னால் நின்ற வண்டி ஹார்ன் அடித்தது. அவன் நகரவில்லை. பதில் வந்தது.

"வழியில பழைய பாலம். எடை பாப்பாங்க. இந்த நம்பருக்கு இனி அனுப்பாத, மாட்டிக்குவேன்."

பங்க் ஊழியர் எவ்வளவு என்று கேட்டார். வாய் வழக்கம்போல முந்தப் பார்த்தது. அறுபது என்றான். பாலம் வரும்வரை அவன் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம்.