தோல் தண்ணீருக்கு ஒரு எண்

எண்பதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாலை விபத்துகளைத் தொகுக்க ஒரு சின்ன புரோகிராம் வேண்டும் என்று எங்கள் துறைக்கு வேலை வந்தது. அது என் தலையில் விழுந்தது. போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து வரும் ஒவ்வொரு விபத்துக்கும் இடம், வாகனம், காரணம் என்று எண் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் எந்தக் காரணம் அதிகம் என்று அச்சடித்துக் கொடுத்தால், அதைப் பார்த்துச் சாலையைச் சரிசெய்வார்களாம்.

காரணங்களின் பட்டியலை ஓர் அதிகாரி கொடுத்திருந்தார். அதிவேகம், குடிபோதை, பிரேக் கோளாறு, கவனக்குறைவு என்று எட்டு. எல்லாம் ஓட்டுபவன் குற்றம் அல்லது வண்டியின் குற்றம். சாலையின் மேல் தூசளவு குற்றமும் கிடையாது. படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் என் கணவர் அப்போது காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார்.

அவர் எங்கள் ஊர் ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய, தோல் பதனிடும் ஒரு டேனரியில் குமாஸ்தா. டேனரிக்கு முன்னால் சாலை வளைகிறது. உப்புப் போட்ட ஈரத்தோலை ஏற்றிவரும் லாரிகள் அங்கேதான் திரும்பும். திரும்பும்போது பின்பக்கத்திலிருந்து தண்ணீர் கொட்டும். உப்பும் கொழுப்பும் கலந்த தண்ணீர், பாதி காய்ந்தாலும் வழுக்கும். அதில்தான் அவருடைய சைக்கிள் சறுக்கியது. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் நல்லவேளையாகச் சட்டென்று பிரேக் போட்டார். அதனால்தான் நான் இன்றும் பூ வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாவது காரணத்தை நானே சேர்த்தேன்: சாலையில் தோல் தண்ணீர். அச்சில் அது வந்துவிட்டால் அந்த வளைவைக் கழுவவாவது செய்வார்கள், லாரிக்குப் பின்னால் ஒரு தகரமாவது அடிக்கச் சொல்வார்கள் என்று நம்பினேன்.

புரோகிராமைச் சோதிக்கப் பொய்யான விபத்துகளை நானே உண்டாக்கினேன். பதின்மூன்றாம் மாதத்தில் ஒரு மோதல், இல்லாத ஊரில் ஒரு சாவு. எல்லாவற்றையும் பிழை என்று அது ஒழுங்காகத் திருப்பியனுப்பியது. அதற்குத் தெரிந்த பொய் அவ்வளவுதான்.

அதிகாரி வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, தோல் தண்ணி?"

"ஆம்பூர்ல வந்து பாருங்க சார், தெரியும்."

"அசல் ரிப்போர்ட் அனுப்பறேன், ஏத்திப் பாருங்க. ஒரு கேஸாவது ஒன்பதுல வந்துச்சுன்னா இருக்கட்டும். இல்லன்னா எடுத்துடுங்க."

சரி என்றேன். ஒன்றா, எத்தனையோ வரும் என்று எனக்கு அவ்வளவு திமிர்.

ஆம்பூர் ரிப்போர்ட்டுகள் வந்தன. அந்த வளைவில் விழுந்தவர்கள் ஏராளம். டேனரித் தொழிலாளிகள், ஷூ கம்பெனி ஆட்கள், எதிரே டீக்கடை வைத்திருப்பவர். எல்லோரும் ஒரே வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள்: நானாகவே விழுந்தேன், யார்மீதும் புகார் இல்லை. கவனக்குறைவு, கவனக்குறைவு என்று தட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த தாளில் என் கணவரின் பெயர் இருந்தது. அவரும் அதையேதான் சொல்லியிருந்தார். கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏங்க, தோல் தண்ணில சறுக்கித்தானே விழுந்தீங்க?"

"ஆமா."

"அப்ப போலீஸ்ல ஏன் நானாவே விழுந்தேன்னு சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்றது? எங்க கம்பெனி லாரின்னு சொல்லவா? கால் சரியானா நான் அங்கதானே போவணும்."

"நாளைக்கு ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். நடந்தத மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு கேஸ் போதும்."

"பேஜார் பண்ணாத. ஊரே தோல்ல சாப்புடுது. நான் மட்டும் தோலால விழுந்தேன்னு போய் நிக்கவா? எல்லாரும் சொல்றதத்தான் நானும் சொன்னேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் அந்த லாரிக்காரன்மேல்கூட எனக்கு வந்ததில்லை. அவருடைய கேஸுக்கு நானே ஒன்பது என்று தட்டியிருக்கலாம். ஆனால் அவர் வாயால் சொல்லாததை நான் தட்டினால், அதுவும் பதின்மூன்றாம் மாதத்து மோதலும் ஒன்றுதான்.

ஒன்பதுக்கு எதிரே பூஜ்யம் வந்தது. "பாத்தீங்களா? இல்லாதத நீங்கதான் கெளப்புறீங்க" என்றார் அதிகாரி. அவர் கண் முன்னாலேயே அந்த வரியை அழித்தேன். புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிளாப்பியை எடுத்துக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

கால் தேறி என் கணவர் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் காலை நான் வேலூருக்குப் போகும் பஸ் அந்த வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையோடு என் கணவர் வந்தார். வளைவு தொடங்கும் இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஈரம் படாத ஓரமாகப் பார்த்துப் பார்த்து நடந்தார். வளைவு முடிந்ததும் ஏறிக்கொண்டார். அவருக்கு முன்னால் போனவரும் அதே இடத்தில்தான் இறங்கி ஏறினார். பின்னால் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக அங்கேயே இறங்கினார்கள். ஏன் என்று ஒருவரும் யாரையும் கேட்கவில்லை.

கவனக்குறைவு என்று நான் எண் போட்டது இவர்களுக்குத்தான்.