பிறக்காத பிள்ளைக்கு ஒரு ரயில் பெட்டி

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. சிறு வயது முதல் ஒரே பைத்தியம், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ரயில் செய்வது. அடித்தோல் துண்டுகளில் சக்கரம், மூங்கில் சிம்பில் தண்டவாளம். கல்யாணமான பிறகும் விடவில்லை.

"கெவர்மெண்டு ரயிலு பத்தாதா மாப்ள, வூட்டுக்குள்ள வேற ஓட்டணுமா?" என்று மாமியார் சிரிப்பார்.

என் மனைவி முதல்முறை கர்ப்பமானபோது, வரப்போகிற பிள்ளைக்கென்று ஒரு சின்ன ரயில் பெட்டி செய்து பச்சை வர்ணம் பூசினேன். ஏழாம் மாதம் பிள்ளை இறந்தே பிறந்தது. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று மாமியார் சொன்னார்: "பொறக்காத புள்ளைக்கு வண்டி செஞ்சி வெச்சா அது ஏறிப் போய்டும் மாப்ள."

சகுனம் பார்ப்பது விசுவாசிக்கு ஆகாது என்று எங்கள் சபை ஐயர் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் தலையாட்டுகிறவன் நான். ஆனாலும் அந்தப் பெட்டியைப் பாலாற்று மணலில் புதைத்தேன். மற்றதையெல்லாம் கோணியில் கட்டிப் பரணில் போட்டேன்.

ஐந்து வருஷம் தொடவில்லை. பிறகு கர்த்தர் மறுபடி கிருபை செய்தார். அவளுக்கு ஆறு மாதம் நடக்கும்போது எனக்குப் பயம் பிடித்தது. பயம் வந்தால் கை தகரத்தைத் தேடியது. ஒரு சனிக்கிழமை கோணியை இறக்கிவிட்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். "யாருக்குங்க இது?"

"எனக்குத்தான். வெறும் இஞ்சின்."

"இஞ்சினோட நிறுத்திக்குங்க."

அப்படித்தான் இருந்தேன். ஆனால் இஞ்சினுக்குப் பின்னால் வெறுமையாய்க் கிடந்த இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எதையோ நினைத்தபடி வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று பக்கம் மடித்து ஈயம் வைத்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். பெட்டி. அதே அளவு.

உள்ளே அவள் "அம்மா" என்றாள். வலி கண்டுவிட்டது.

மருத்துவச்சி வந்து கதவைச் சாத்தினாள். மாமியார் வெந்நீர்த் தவலையோடு என்னைத் தாண்டிப் போனார்.

"அத்தை, இத ஒடைச்சிடட்டுமா?"

"பாதியில ஒடைச்சா இன்னா ஆவுமோ."

"அப்ப முடிச்சிடட்டுமா?"

"முடிச்சா ஏறிக்கும்."

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். கீழே வைக்கவும் பயமாக இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு ஒரு அழுகை கேட்டது, பூனைக்குட்டி போல. பெண் பிள்ளை. "மூணு நாள் போவட்டும், அப்பறம் சொல்றேன்" என்றாள் மருத்துவச்சி.

மூன்று நாள் போயிற்று. மூன்று மாதமும் போயிற்று. பெட்டியை நான் முடிக்கவுமில்லை, உடைக்கவுமில்லை. கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்த அன்று, பிரசவ நேரமெல்லாம் நான் முழங்காலில் நின்றிருப்பேன் என்று ஐயர் சபைக்குச் சொன்னார். நான் மறுக்கவில்லை. வலி கண்டது முதல் பிள்ளை அழும்வரை நான் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை.

இப்போதும் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், முதலில் அத்தையின் முகத்தைத்தான் பார்க்கிறேன். முழங்கால் போடுவது அதற்குப் பிறகுதான்.